லாயத்திலிருந்து வந்த கேள்விகள்

செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர்கள் குதிரை பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். படித்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஒரே வரி வருகிறது: "மாட்டுக்குச் செய்கிற மாதிரி செய்து பார்த்தோம்." மாடு வளர்த்துப் பழகிய கைகள்தான் இங்கே குதிரையையும் வளர்க்கின்றன. அந்த அனுபவம் குதிரைக்கு எங்கே உதவும், எங்கே உயிரை வாங்கும் என்பதைப் பதில்களில் விளக்கமாகவே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நாட்டுக் குதிரைக்கு ஆறு வயது. போன மாதம் ஒரு ராத்திரி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்காலால் தரையைக் கீறியது, படுத்துப் புரண்டது. நல்லெண்ணெயில் பெருங்காயம் கரைத்து மூங்கில் குழாயில் அரை லிட்டர் ஊற்றினோம். விடிவதற்குள் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இருமுகிறது. பத்து நாளில் மறுபடியும் அதே வலி. என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் இருமலைக் கவனியுங்கள். வலியில் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது எண்ணெயில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரலுக்குள் போன எண்ணெய் தானாக வெளியே வராது. அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். காலை, மாலை இரண்டு வேளையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பாருங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, நிற்கும்போதே மூக்குத் துவாரம் விரிந்தாலோ, தீனியை ஒதுக்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எந்தக் காரணத்துக்காகவும் வாய் வழியாக எதையும் ஊற்ற வேண்டாம்.

குதிரைக்கு வரும் வயிற்று வலியைச் சூலை என்பார்கள். அது பல காரணங்களால் வரும். மாட்டுக்கு வயிறு உப்பினால் ஏப்பம் விட்டுக் காற்றை வெளியேற்றும். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கமானது. பெரிய குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். கீழே குடல் அடைத்து, மேலே இரைப்பை நிரம்பிக்கொண்டே போனால் அது கிழிந்துவிடும். அந்த நிலையில் நாம் ஊற்றும் அரை லிட்டர் எண்ணெய் உதவாது, சுமையைத்தான் கூட்டும். அதனால்தான் மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுகிறார். உள்ளே தேங்கியிருப்பதை முதலில் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அதே குழாயில் திரவப் பாரஃபினும் தண்ணீரும் விடுவார். அந்தக் குழாயும் அதைப் போட்ட பழக்கமும் எல்லா மருந்தகத்திலும் இருக்காது. உங்கள் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று வலி வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும்போது "குதிரை, வயிற்று வலி" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். பெரிய சிகிச்சைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மருத்துவர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது: தீனி முழுவதையும் எடுத்துவிடுங்கள், வைக்கோல் படுக்கையையும் சேர்த்து. பிறகு நான்கு விஷயம் பார்த்து, நேரத்தோடு காகிதத்தில் எழுதுங்கள். ஒன்று, நாடி. தாடை எலும்பின் அடி விளிம்பில் விரலை வைத்தால் கயிறு போல ஒரு நாளம் தட்டுப்படும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அமைதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 48க்கு மேல் போனால் கவனம். 60ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஆபத்து. இரண்டு, ஈறு. இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். செங்கல் நிறமோ ஊதாவோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள். மூன்று, குடல் சத்தம். விலாவுக்குப் பின்னால் காதை வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் கேளுங்கள். கடமுட என்று சத்தம் வந்தால் குடல் வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் நிசப்தமாக இருந்தால் கெட்ட அறிகுறி. நான்கு, கடைசியாக எப்போது லத்தி போட்டது, எப்படி இருந்தது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை போடும்.

புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று ராத்திரி முழுவதும் ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேவையில்லை. அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆவேசமாகப் புரண்டு தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டும் 10, 15 நிமிடம் மெதுவாக நடத்துங்கள். கையில் இருக்கும் வலி ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். ஃப்ளுனிக்சின் வலியை அடக்கிவிடும், முறுக்கிய குடலை அவிழ்க்காது. குதிரை நன்றாக நிற்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் குடல் அழுகிக்கொண்டிருக்கும்.

பத்து நாளில் திரும்பி வந்திருக்கிறது என்றால் காரணம் லாயத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் எங்கள் முதல் சந்தேகம். தரையில் தீனி போட்டால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் போகும். அது பெருங்குடலின் அடியில் படியும். தரையில் படாத மேல் லத்தி ஐந்தாறு உருண்டை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. மணல் தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். இனி தீனியைத் தொட்டியிலோ சிமென்ட் மேடையிலோ மட்டும் போடுங்கள். வலி முழுவதும் தீர்ந்த பிறகு, இசப்கோல் உமியை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில், 250 கிலோ குதிரைக்கு 250 கிராம், தினமும் தீனியில் பிசறி 7 நாள் கொடுக்கலாம். ஊறிக் கொழகொழப்பாகும் முன் தின்றுவிட வேண்டும்.

அடுத்தது வைக்கோலும் தண்ணீரும். காய்ந்த நெல் வைக்கோல் மட்டும் தின்று, தண்ணீர் குறைந்தால் பெருங்குடல் வளைவில் உருண்டு அடைக்கும். 250 கிலோ குதிரைக்குச் சாதாரண நாளில் 15 லிட்டர் போதும். பங்குனி, சித்திரை வெயிலில் வேலை செய்தால் 30 லிட்டரைத் தாண்டும். மாட்டுக்கு வைப்பது போல இரண்டு வேளை மட்டும் காட்டாமல் நாள் முழுவதும் முன்னால் இருக்கட்டும். பல்லையும் காட்டுங்கள். கடைவாய்ப் பல் விளிம்பு கூராகிவிட்டால் சரியாக மெல்லாமல் உருண்டை உருண்டையாகக் கீழே துப்பும். மெல்லாத வைக்கோல்தான் குடலில் நிற்கும். குடற்புழுவுக்கு லத்திப் பரிசோதனை செய்துவிட்டு, குதிரைக்கென்று வரும் ஐவர்மெக்டின் பசையை வாயில் கொடுங்கள். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட வேண்டாம். போட்ட இடம் வீங்கிச் சீழ்பிடித்து உயிரே போனதுண்டு.

கேள்வி: தினமும் 3 கிலோ அரிசித் தவிடு, ஒரு கிலோ கொள்ளு, வைக்கோல், கிடைத்தால் நேப்பியர் புல் போடுகிறோம். குதிரை சதைப்பிடிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குக் கீழே முகம் இரண்டு பக்கமும் புடைத்து வருகிறது. ஒரு நாள் ஒரு கால், இன்னொரு நாள் வேறு கால் நொண்டுகிறது. பல் வலியா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பல் காரணமல்ல. தவிடுதான் காரணம். இது சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து கரைந்து போகும் நோய். மேலை நாடுகளில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு அதிகம் வந்ததால் 'மில்லர் நோய்' என்றே ஒரு பெயர் இருந்தது. மில்லில் தவிடு சும்மா கிடைக்கும், அதையே போடுவார்கள். நெல் அரைவை மில்கள் நிறைந்த நம் பக்கத்திலும் கதை அதேதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 15 கிராம், கால்சியம் ஒரு கிராம் அளவுதான். நீங்கள் போடும் 3 கிலோவில் 45 கிராம் பாஸ்பரஸும் 3 கிராம் கால்சியமும் போகிறது. உழைப்பில்லாத 250 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவை கால்சியம் 10 கிராம், பாஸ்பரஸ் 7 கிராம். பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒருபோதும் குறையக் கூடாது. குறைந்தால், ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் இருக்க உடல் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். முக எலும்பில் அந்த இடத்தை நார் நிரப்புவதால் புடைக்கிறது. கால் எலும்பும் மூட்டும் பலம் இழப்பதால் நொண்டல் கால் மாறி மாறி வருகிறது. எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிப்பதால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கொள்ளின் மேல் பழி இல்லை. அதில் கால்சியமும் பாஸ்பரஸும் கிலோவுக்குச் சுமார் 3 கிராம் என்று கிட்டத்தட்டச் சமமாக இருக்கின்றன. வேகவைத்து, ஆறவைத்துப் போடுங்கள். நேப்பியரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரையின் குடலால் அதைப் பிரித்து எடுக்க முடியாது. மாட்டின் அசையிரைப்பைக் கிருமிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். அதனால் அதே புல்லில் பசு நன்றாகக் கறக்கும், குதிரை நொண்டும். கொழுக்கட்டைப் புல்லுக்கும் இது பொருந்தும்.

தவிட்டை 10 நாளில் படிப்படியாகக் குறைத்து அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். குறைத்த இடத்தைக் குதிரை மசாலால் நிரப்புங்கள். பெயரிலேயே குதிரை இருப்பது சும்மா இல்லை. காய்ந்த மசால் ஒரு கிலோவில் 12 கிராமுக்குக் குறையாமல் கால்சியம் கிடைக்கும். கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தூளை, கால்சைட் என்று கேட்டால் தருவார்கள், தவிடு ஒவ்வொரு கிலோவுக்கும் 40 கிராம் என்ற கணக்கில் சேர்த்தால் பாஸ்பரஸுக்குச் சமமாகும். இப்போது நோய் வந்துவிட்டதால் மருத்துவரைக் கேட்டு இதைவிடக் கூட்ட வேண்டியிருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும் கூடவே கூடாது. வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் பாஸ்பரஸும் சேர்ந்தே வருவதால் அதை மட்டும் நம்ப முடியாது. தீனி மாறினால் நொண்டல் சில வாரங்களில் குறையத் தொடங்கும். முகத்துப் புடைப்பு பெரும்பாலும் முழுதாக வடியாது. எலும்பு உறுதிப்படும்வரை வண்டியில் பூட்ட வேண்டாம். இந்த எலும்பு சிறு இடறலில் முறியும்.

கேள்வி: மழையால் நான்கு நாள் ஓட்டமில்லை. தீனியைக் குறைக்கவில்லை. ஐந்தாம் நாள் எல்கைப் பந்தயத்தில் ஒரு மைலுக்குள் பின்பக்கம் விறைத்து, வியர்த்துக் கொட்டி நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை. மூத்திரம் கருப்புக் காபி மாதிரி. களைப்பா, சுளுக்கா?
– வாசகர், அரிமளம்

பதில்: இரண்டும் இல்லை, தசை சிதைந்திருக்கிறது. ஓய்வு நாளில் கொள்ளும் தவிடும் முழு அளவில் கொடுத்து, பிறகு திடீரென்று முழு வேகத்தில் விட்டால் தொடை, பின்புறத் தசைகள் இறுகிச் சிதையும். அதிலிருந்து வெளியேறும் நிறமிதான் மூத்திரத்தைக் கருக்கச் செய்கிறது. அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இப்படி நின்ற குதிரையை அடிப்பது கொடுமை மட்டுமல்ல, ஒவ்வொரு அடி நடையிலும் இன்னும் தசை கிழியும். நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்து, நிழல் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மருத்துவரை அங்கேயே வரவழைக்க வேண்டும். வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போகக் கூடாது. முதலில் ஏற வேண்டியது சலைன். உடலில் நீர் வற்றியிருக்கும்போது வலி ஊசி சிறுநீரகத்தை மேலும் தாக்கும். ரத்தத்தில் தசை நொதிகள் குறைந்த பிறகே மறுபடி வேலை.

ஓய்வு நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், புல்லைக் கூட்டுங்கள், அரை மணி நேரமாவது கையில் பிடித்து நடத்துங்கள். பூட்டுவதற்கு முன் 15 நிமிடம் நடை. தினமும் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, ஓடும் நாளில் அதன் இரு மடங்கு. ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, மேலே ஊற்றினால் நரம்பு இழுக்கும் என்பதெல்லாம் தவறு. உடனே குடிக்கவிடுங்கள். காற்று படும் இடத்தில் நிறுத்தி உடல் முழுவதும் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள், மூச்சு அடங்கி உடல் சூடு 102க்குக் கீழே வரும்வரை. வெயிலில் ஓடியும் மேல்தோல் வறண்டே இருந்து, நாய் போல இரைத்தால் அந்தக் குதிரைக்கு வியர்க்கும் தன்மை குறைந்துவிட்டது. அதைப் பகல் பந்தயத்தில் விடவே கூடாது.

கேள்வி: நன்றாகத் தின்கிறது, ஆனால் இளைத்துக்கொண்டே வருகிறது. நான்கைந்து நாள் காய்ச்சல், பிறகு நலம், மறுபடி காய்ச்சல். இப்போது அடிவயிற்றிலும் பின்காலிலும் நீர் இறங்கியிருக்கிறது.
– வாசகர், நெற்குப்பை

பதில்: சர்ரா என்று சந்தேகப்பட வேண்டும். ரத்தத்தில் நீந்தும் ஒரு நுண்ணுயிரி இதற்குக் காரணம். 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அன்றைய இந்தியாவின் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதைக் கண்டார். நோயுற்ற விலங்கைக் கடித்த குதிரை ஈ, பாதியில் விரட்டப்பட்டு அடுத்த விலங்கைக் கடிக்கும்போது பரவும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய்க் கரைச் சேற்றில் இந்த ஈ பெருகும். பக்கத்தில் கட்டியிருக்கும் மாடும் எருமையும் வெளியே ஒன்றும் காட்டாமல் நோயைச் சுமக்கும் என்பதை மறக்கக் கூடாது.

காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் நுண்ணோக்கியில் தெரியும். ஒருமுறை தெரியாவிட்டால் அடுத்த காய்ச்சலில் மறுபடி எடுங்கள். கண் இமைக்குள் வெளுப்பும் மஞ்சளும் இருக்கிறதா பாருங்கள். குயினாபைரமின் ஊசிதான் மருந்து. அளவு எடையைப் பொறுத்தது, தோலுக்கடியில் பல இடமாகப் பிரித்துப் போடுவார்கள், வீக்கம் வரும். குறைத்துப் போட்டால் நோய் திரும்பும், மருந்தும் பலிக்காமல் போகும். மாட்டுக்குப் போடும் டைமினசின் ஊசி குதிரைக்கு எளிதில் நஞ்சாகும் என்பதால் தவிர்க்க வேண்டும். எடை தெரியாவிட்டால் நாடாவால் அளக்கலாம்: முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 150 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளம் 140 செ.மீ. என்றால், 150 × 150 × 140ஐ 11,880ஆல் வகுத்தால் 265 கிலோ. ஒரே ஊசியை இரண்டு குதிரைக்குப் பயன்படுத்தினால் ஈ செய்கிற வேலையை நீங்களே செய்ததாகிவிடும்.

கேள்வி: ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி வந்த மூன்று வயதுக் குதிரைக்கு மூக்கில் சளி, தாடைக்கடியில் கட்டி. அமுக்கி எடுக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கை வைக்காதீர்கள். இரண்டு நோய் இருக்கிறது. ஒன்று இளம் குதிரைக்கு வரும் தொண்டைக் கட்டு. 103, 104 டிகிரி காய்ச்சல், இரண்டு மூக்கிலும் மஞ்சள் சீழ், தாடைக்கடிக் கட்டி பழுத்து உடைந்ததும் குதிரை தெளியும். வெந்நீர் ஒத்தடம், உடைந்த பிறகு நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவுதல், தனி வாளி, தனித் துண்டு, தனிக் கை. குணமான பின்னும் சில வாரம் கிருமியை வெளிவிடும்.

மற்றது கிளாண்டர்ஸ். அது மனிதருக்கும் தொற்றும், உயிரைப் பறிக்கும். பசை போன்ற சளி, மூக்கின் உள்ளே புண், உடையாத கல் போன்ற கட்டி, பின்காலின் உள்பக்கம் மணி கோத்தது போல முடிச்சுகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இதற்குக் குதிரைக்குச் சிகிச்சை இல்லை. 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரத்த மாதிரியை ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் நெருங்கக் கூடாது. சந்தையிலிருந்து வரும் எந்தக் குதிரையையும் 21 நாள் தனி இடத்தில் கட்டி, தினம் காய்ச்சல் பார்த்த பிறகே லாயத்தில் சேருங்கள்.

கேள்வி: மாட்டுத்தீவன மூட்டையில் மீந்ததைக் குதிரைக்குப் போடலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: கூடாது. சில மாட்டுத்தீவனத்திலும் கோழித்தீவனத்திலும் மொனென்சின், சலினோமைசின் என்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். மாடு தாங்கும். குதிரைக்கு மிகக் குறைந்த அளவிலேயே இதயத் தசை சிதையும், மாற்று மருந்து கிடையாது. மூட்டைகளைக் குதிரை எட்டாத அறையில் வையுங்கள்.

கேள்வி: பழைய வீடு பிரித்த சந்தில் போனபோது தேக்குச் சட்டத்து ஆணி ஒன்று குளம்பில் ஏறிவிட்டது. பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டினோம். போதுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: போதாது. ரண ஜன்னி என்னும் டெட்டனஸுக்குக் குதிரை அளவுக்கு எளிதில் இரையாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை. மேலே மூடிக்கொண்ட ஆழக் குத்துதான் அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். முன்பு தடுப்பூசி போடாத குதிரை என்றால் இன்றே 1500 யூனிட் எதிர் ஊசியும், வேறு இடத்தில் தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள். தடுப்பூசி நான்கு வாரத்தில் இரண்டாம் தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சினைக் குதிரைக்குக் குட்டி ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போட்டால் குட்டிக்கும் சீம்பால் வழியே காப்புக் கிடைக்கும்.

ஆணி எங்கே ஏறியது என்பதும் முக்கியம். குளம்பின் அடியில் முக்கோண மெத்தை போல இருக்கும் பகுதியின் நடுவில் ஏறியிருந்தால், உள்ளே இருக்கும் சிறு எலும்பும் நீர்ப்பையும் துளைபட்டிருக்கலாம். அங்கே சீழ் பிடித்தால் குதிரை ஆயுளுக்கும் நொண்டும். மறுமுறை நேர்ந்தால், ஆணி மேலும் உள்ளே ஏறும் நிலை இல்லாதவரை அப்படியே விட்டு, போட்டோ எடுத்து, கால் ஊன்றாமல் கட்டையைக் கட்டி மருத்துவருக்குச் சொல்லுங்கள். பிடுங்க வேண்டி வந்தால் ஆணியின் நீளத்தையும் சாய்வையும் குறித்து, துளைக்கு அருகே பேனாவால் அடையாளம் போடுங்கள். பிடுங்கிய சில நிமிடத்தில் துளை கண்ணுக்குத் தெரியாது. இப்போதைக்கு மஞ்சள் கட்டை அவிழ்த்து, மருத்துவர் துளையை அகலப்படுத்திச் சீழ் வடிய வழி செய்யட்டும். பிறகு வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் தினம் இரண்டு வேளை 20 நிமிடம் குளம்பை வைத்து, துடைத்து, சுத்தத் துணி சுற்றி, மேலே சாக்குக் கட்டி உலர்ந்த தரையில் நிறுத்துங்கள்.

மூன்று வாரம் வரை தினமும் முகத்தைப் பாருங்கள். தாடையின் கீழ் லேசாகத் தட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாய்ந்து மூடுகிறதா, காது விறைத்து நிற்கிறதா, வால் தூக்கியபடி நிற்கிறதா, தீனியை வாயில் எடுத்து விழுங்க முடியாமல் நிற்கிறதா? ஒன்று தெரிந்தாலும் லாயத்தை இருட்டாக்கி, காதில் பஞ்சு வைத்து, சத்தமில்லாமல் வைத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.